கிணறு நிறையத் தண்ணி, தீக்கு ஒரு குடம் இல்லை

தோட்டத்து வீட்டுக்கான தீப் பாதுகாப்பு நீர்: ஒரு பாடம்



நாலஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு பங்குனி மத்தியானம். உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவுல எங்க தோட்டம். பக்கத்துக் காட்டுல சோகைக்கு வச்ச தீ, காத்துல பொறியாப் பறந்து வந்து அடுத்த தோட்டத்து அண்ணன் வீட்டு வைக்கோல் படப்புல விழுந்துச்சு. படப்புக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் பத்தடிதான் இடைவெளி. தொழுவத்துக்கு மேல தென்னங்கிடுகு. நாங்க ஓடிப் போய்ச் சேர்றதுக்குள்ள கிடுகு பிடிச்சிருச்சு.

மாடுகளை அவுத்துவிட்டாச்சு. கிணறு முப்பதடி தூரத்துல இருக்கு, அதுல தண்ணியும் இருக்கு. மோட்டாரைப் போட ஓடினவர் வெறுங்கையோட திரும்பி வந்தார். தொழுவத்து மேல போன கரண்டு வயர் எரிஞ்சு அறுந்து, பீஸ் போயிருச்சு. நாலு குடத்தையும் ரெண்டு வாளியையும் வச்சுக்கிட்டு எட்டுப் பேர் நின்னோம்.

தீயணைப்பு வண்டி வந்துச்சு. அதுல இருந்த தண்ணி சில நிமிசத்துல தீர்ந்தது. வண்டியில வந்த வீரர் கேட்டார்:

“ஐயா, உங்க கிணத்துல தண்ணி எத்தனை அடியில கிடக்கு?”

“அம்பதடி இருக்கும் தம்பி.”

“அவ்வளவு ஆழத்துல இருந்து எங்க பம்பு இழுக்காதுங்கய்யா. மேல தொட்டி ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கு. காலையிலதான் வாழைக்குத் திறந்துவிட்டேன்.”

வண்டி தண்ணி பிடிக்கப் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள தொழுவமும், அதை ஒட்டி இருந்த விதை அறையும் போயிருச்சு. மூணு தலைமுறையா வச்சிருந்த நெல்லு, சோளம், மொச்சை விதையெல்லாம் அந்த அறையிலதான் இருந்துச்சு. கிடுகை மறுபடி வேயலாம். அந்த விதையை எங்க போய் வாங்குறது?

தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அன்னைக்கு எங்களுக்குக் கிணறும் இருந்தது, தண்ணியும் இருந்தது. தீக்குக் கிடைக்கிற தண்ணிதான் இல்லை. தண்ணீர் இருப்பது வேறு, தீப்பிடித்த நேரத்தில் அது கைக்கு வருவது வேறு. இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் கட்டடங்களுக்கான தீப் பாதுகாப்பு விதிகள் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இருக்கின்றன. 2016-இல் திருத்தப்பட்ட தொகுப்பின் 4-ஆம் பகுதி முழுக்கத் தீ பற்றியது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அடுக்குமாடி என்றால் தீக்கென்று தொட்டி, தனிப் பம்பு, குழாய்ச்சுருள் என்று வரிசையாகக் கேட்கிறது. ஒரு குடும்பம் வாழும் தனி வீட்டிடம் தீயணைப்புத் தொட்டியோ பம்போ அது கேட்பதில்லை. நம் தோட்டத்து வீடு இந்த இரண்டாவது வகையில் வருகிறது.

ஊர்க் குடிநீர்த் திட்டமாவது கைகொடுக்குமா? மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேட்டில் தீயணைப்புக்கென்று ஒரு கணக்கு உண்டு. 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு அந்தக் கணக்கு. மக்கள்தொகையை ஆயிரத்தில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 100-ஆல் பெருக்கினால், அத்தனை கிலோ லிட்டர் தண்ணீர் தீக்கென்று வேண்டும். 2011 கணக்கெடுப்பில் கம்பம் நகரத்தில் 68,000 பேர். கணக்குப் போட்டால் சுமார் 8 லட்சம் லிட்டர் வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை ஊர்த் தொட்டியிலும், மீதியை ஊருக்குள் அங்கங்கே தரைத் தொட்டிகளிலும் வைக்கலாம். அந்தத் தொட்டிகளைக் குளம், வாய்க்கால் தண்ணீரால் நிரப்பிக்கொள்ளலாம் என்று கையேடு வழி சொல்கிறது.

கிராமத்துக்கு இந்தக் கணக்கு இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பதே அளவு. அது குடிக்க, சமைக்க, குளிக்க. ஊர் மேல்நிலைத் தொட்டி அந்த அளவுக்குக் கட்டப்படுவது.

ஆக, தோட்டத்து வீட்டுக்குத் தீ நீர் வைக்கச் சொல்லி யாரும் நம்மை வற்புறுத்தப் போவதில்லை. நமக்கு நாமே ஒரு விதி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

குழாய் போகாத தனித் தோட்டங்களில் மக்கள் வாழும் வேறு நாடுகள் இதற்கு விதி எழுதி வைத்திருக்கின்றன. இரண்டை மட்டும் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காட்டுத்தீ அபாயமுள்ள பகுதியில், குழாய் நீர் இல்லாத இடத்தில் வீடு கட்டினால், தீக்கென்று தனியாகத் தண்ணீர் சேமிக்க வேண்டும். 1,000 முதல் 10,000 சதுர மீட்டர் நிலத்துக்கு 10,000 லிட்டர். அதற்கு மேல், அதாவது இரண்டரை ஏக்கரைத் தாண்டினால் 20,000 லிட்டர். பம்பு வைத்தால் அது பெட்ரோலிலோ டீசலிலோ ஓடவேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஏன் என்று நமக்குத் தெரியும். தீ வந்தால் முதலில் போவது கரண்டு.

அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 1142 என்று கிராமப்புறத் தீயணைப்பு நீருக்கான ஒரு தரநிலை உண்டு. கணக்கு எளிது. வீட்டின் நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி, 7-ஆல் வகுத்து, கட்டுமானத்துக்கான எண்ணால் பெருக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்காத கட்டடத்துக்கு அந்த எண் 0.5, மரச்சட்டத்தில் எழுப்பிய வீட்டுக்கு 1.5. விடை கேலனில் வரும். ஒரு கேலன் 3.785 லிட்டர். கணக்கு எவ்வளவு சிறிதாக வந்தாலும் 2,000 கேலனுக்குக் குறையக் கூடாது. 50 அடிக்குள் இன்னொரு கட்டடம் நின்றால் ஒன்றரை மடங்கு. குறைந்தது 3,000 கேலன்.

நம் வீட்டுக்குப் போட்டுப் பாருங்க. 30 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம், மேலே கிடுகு. 6,000 கன அடி. 7-ஆல் வகுத்தால் 857. எரியும் கூரை என்பதால் 1.5-ஆல் பெருக்கினால் சுமார் 1,286 கேலன். குறைந்த அளவைவிடக் கம்மி, ஆகவே 2,000 கேலன், அதாவது சுமார் 7,500 லிட்டர். பக்கத்தில் தொழுவம் இருந்தால் 3,000 கேலன், சுமார் 11,300 லிட்டர்.

பயந்துவிட வேண்டாம். பம்புசெட்டுப் பக்கத்தில் இருக்கும் தண்ணித் தொட்டியை நினைச்சுக்குங்க. 10 அடி நீளம், 8 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் 400 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர். மொத்தம் 11,300 லிட்டர்! பல தோட்டத்தில் தொட்டி ஏற்கனவே இருக்கிறது. அது தேவையான நேரத்தில் நிறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தொட்டியைக் காலியாகவிடாத வழி

“இனிமே தொட்டியைக் காலி பண்ண மாட்டேன்” என்று சபதம் எடுத்தால் வேலைக்கு ஆகாது. வாழை வாடுறதைப் பார்த்தால் கை தானாக வால்வைத் திறக்கும். மனசை நம்பாமல் குழாயை மாத்துங்க.

பாசனத்துக்குப் போகும் குழாயைத் தொட்டியின் அடியில் வைக்காமல் மேலே தூக்கி வைக்க வேண்டும். 10-க்கு 8 அடித் தொட்டியில் ஒவ்வொரு அடி உயரத்துக்கும் 2,265 லிட்டர் நிற்கும். பாசனக் குழாயை அடியிலிருந்து 3 அடி 4 அங்குலத்தில் வைத்தால், எவ்வளவு பாய்ச்சினாலும் 7,500 லிட்டர் கீழே தங்கிவிடும். அடியில் தனியாக ஒரு வாய் வைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, தீக்கு மட்டும் என்று எழுதிவிடுங்கள். பழைய தொட்டியாக இருந்தால் உள்பக்கம் ஒரு முழங்கை மாட்டி, அதில் குழாய்த் துண்டை நட்டுக்குத்தலாகச் சொருகினாலே போதும். செலவு சில நூறு ரூபாய்.

தேங்கிய தண்ணியில் கொசு வரும். தொட்டியை மூடி வைங்க, இல்லை என்றால் கம்பூசியா மீன் விடுங்க. மாதம் ஒருமுறை தீ வாயைத் திறந்து கொஞ்சம் வெளியே விட்டால் சேறும் போகும், வால்வும் இறுகாது.

வாய்க்காலை நம்ப முடியாதா என்று கேட்பீர்கள். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் மாதம் திறக்கிறார்கள். தீப்பிடிக்கும் மாசி, பங்குனி, சித்திரையில் வாய்க்காலை நம்பி இருக்க முடியாது.

கரண்டு இல்லாமல் தண்ணி எடுப்பது

தீப்பிடித்தால் மெயினை அணைப்பதுதான் முதல் வேலை. ஆகவே, மோட்டார் ஓடாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, உயரத் தொட்டி. வீட்டு மேல் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் இருக்கும். தண்ணி தானாக இறங்கும். ஆனால் வேகம் ஓஸின் அளவைப் பொறுத்தது. தண்ணி மட்டம் 4 மீட்டர் உயரத்தில் இருந்து, 30 மீட்டர் ஓஸ் மாட்டினால், அரை அங்குல ஓஸில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 7, 8 லிட்டர்தான் வரும். அதே உயரம், அதே நீளத்துக்கு ஒரு அங்குல ஓஸ் என்றால் 45 லிட்டர் வரை வரும். ஆறு மடங்கு! வாசலில் பூச்செடிக்கு வைத்திருக்கும் ஓஸ் தீக்கு ஆகாது. தொட்டியிலிருந்து தனியாக ஒரு அங்குலக் குழாய் இறக்கி, வீட்டைச் சுற்றி வரும் நீளத்துக்கு ஓஸ் வையுங்கள். ஒரு வாளியை வைத்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று அளந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டு, மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர். திராட்சைக்கும் தென்னைக்கும் அடிக்க நம் பள்ளத்தாக்கில் பெட்ரோல் எஞ்சின் ஸ்பிரேயரும் நீளமான ஓஸும் பல தோட்டத்தில் இருக்கின்றன. நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் தள்ளும். கூரை உச்சிக்கு எட்டும். தொட்டியில் உறிஞ்சு குழாயைப் போட்டால் அதுவே சின்னத் தீயணைப்பு எஞ்சின். பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் அடிக்கிற நம்மிடம் இன்னொரு வசதி, டேங்கில் விஷம் இருக்காது. அடித்து முடித்ததும் முனையைக் கழுவி, எஞ்சினில் பெட்ரோல் வைத்திருங்கள். கூடுதல் பெட்ரோல் கேனை வீட்டிலோ தொழுவத்திலோ வைக்கக் கூடாது.

மூன்று, முதுகில் மாட்டும் 16 லிட்டர் கைத்தெளிப்பான். சருகுத் தீ, வரப்புப் புல் தீ, படப்பில் விழுந்த முதல் பொறிக்கு இதுவே போதும். நனைத்த கோணிச் சாக்கும் பச்சை வேப்பங்கொப்பும் கூட இருக்கட்டும். தீ சின்னதாக இருக்கும்போது 16 லிட்டர் செய்யும் வேலையைப் பெரிதான பிறகு 4,000 லிட்டரும் செய்யாது.

வண்டி வந்தால் தண்ணி எடுக்க முடியுமா?

தீயணைப்பு நீர்வண்டியில் பொதுவாக 4,500 லிட்டர் இருக்கும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால் பத்து நிமிடம். இரண்டு குழாய் என்றால் ஐந்தே நிமிடம். அதன் பிறகு அவர்களுக்கு நம் தண்ணி வேண்டும்.

எந்தப் பம்பும் காற்றழுத்தத்தால்தான் தண்ணியை உறிஞ்சுகிறது. நடைமுறையில் 20, 22 அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணியை மேலே நிற்கும் வண்டி இழுக்காது. நம் கிணறுகளில் பங்குனியில் தண்ணி 40, 50 அடிக்குப் போய்விடும். ஆகவே வண்டிக்குக் கிணறு உதவாது. தரைத் தொட்டியும் பண்ணைக்குட்டையும்தான் உதவும். 30-க்கு 30 அடி, 5 அடி ஆழமுள்ள நேர்ச்சுவர்க் குட்டையில் நிறைந்திருந்தால் 1,27,000 லிட்டர். கோடையில் ஒரு அடி மிஞ்சினால்கூட 25,000 லிட்டர், ஐந்து வண்டித் தண்ணிக்கு மேல்.

வண்டி தொட்டிப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். வாசல் 12 அடி அகலமாவது இருக்கட்டும். பாதை மேல் தொங்கும் மட்டையும் வயரும் 15 அடிக்கு மேல் இருக்கட்டும். மழைக்குச் சேறாகும் இடத்தில் கல் போடுங்கள். 101-க்குக் கூப்பிடும்போது “நம்ம தோட்டம்” என்று சொன்னால் தெரியாது. ரோட்டில் பிரியும் இடம், பக்கத்துக் கோயில், வாய்க்கால் பாலம் என்று அடையாளத்தை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதட்டத்தில் பிள்ளைகள்கூட அதைப் பார்த்துச் சொல்லிவிடும்.

மூடாக்கு போடுகிறவர்களுக்கு

இயற்கை உழவர்களான நாம் சருகை எரிப்பதில்லை, மூடாக்காகப் போடுகிறோம். அது சரிதான். ஆனால் காய்ந்த மூடாக்கு தீக்கும் தீனி. கரும்புச் சோகையும் தென்னை மட்டையும் வீட்டுச் சுவர் வரைக்கும் கிடந்தால் தீக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி.

வீட்டையும் தொழுவத்தையும் சுற்றி 30 அடிக்குக் காய்ந்த மூடாக்கு வேண்டாம். அங்கே கீரை, மஞ்சள், வாழை, பசும்புல் என்று ஈரமாக இருக்கட்டும். வீட்டுச் சாக்கடைத் தண்ணி அங்கேயே பாயட்டும். அதற்கு வெளியே தாராளமாக மூடாக்குப் போடுங்கள். ஆனால் ஏக்கர் முழுக்க ஒரே விரிப்பாக இல்லாமல், இடையிடையே ஆறடி அகலத்தில் வெறும் மண்பாதை விடுங்கள்.

படப்பு வீட்டிலிருந்து 50, 60 அடி தள்ளி இருக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், கம்பம் பள்ளத்தாக்கில் பொறி பறக்காதா? கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று வீட்டுக்கு மேற்கே இருக்கும் படப்பின் பொறியைக் கூரையில் கொண்டு வந்து போடும். படப்பைக் கிழக்கே மாற்றுங்கள். ஈரம் காயாத வைக்கோலை அடுக்காதீர்கள்; உள்ளே சூடேறும்.

மலையடிவாரத்தில் இருக்கிறவர்களுக்குக் குரங்கணியைச் சொல்லாமல் முடியாது. 2018 மார்ச் 11 அன்று, போடிக்கு மேலே காய்ந்த புல்லில் ஓடிய தீ, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. காற்றும் ஏற்றமும் சேர்ந்தால் தீ மனிதக் காலை முந்திவிடும். அந்தச் சரிவில் எந்த நீர்வண்டியும் ஏற முடியாது. மலைத் தோட்டத்தில் தண்ணிக்கு முன்னால் புல் வெட்டிய வெளிதான் முதல் காவல். தீ கீழிருந்து ஏறினால், தொட்டியை நம்பி நிற்காமல் ஆட்களை வெளியேற்றுங்கள். வீடு அப்புறம்.

தண்ணி ஊற்றக் கூடாத தீ

கடாயில் எண்ணெய் பற்றினால் தண்ணி ஊற்றாதீர்கள். தீ வெடித்துப் பரவும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். மின்சாரம் இருக்கும் வயரில், மோட்டார் பெட்டியில் தண்ணி பட்டால் ஊற்றுகிறவரைத் தாக்கும். மெயினை அணைத்த பிறகுதான் தண்ணி. கேஸ் கசிந்தால் ரெகுலேட்டரை மூடி, சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

ஊராகச் செய்ய வேண்டியது

ஒரு தோட்டம் மட்டும் செய்தால் பாதிப் பாதுகாப்புதான். பொறிக்கு வரப்புத் தெரியாது. நாலு தோட்டத்துக்கு ஒரு பவர் ஸ்பிரேயர், ஒரு பொதுத் தொட்டி என்று பேசிக்கொள்ளலாம். மே 1 கிராம சபையில் இரண்டு கோரிக்கையாவது வையுங்கள்: ஊருணிக்கு வண்டி போய் நிற்கப் பாதை, மேல்நிலைத் தொட்டியின் அடியில் வண்டி தண்ணி பிடிக்க ஒரு வால்வு. நகரத்துக்கு எழுதி வைத்த விதியில் கொஞ்சமாவது கிராமத்துக்கும் வரட்டும்.

1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம் நடக்கிறது. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் சொல்லி, உங்கள் ஊரில் ஒரு செயல்விளக்கம் கேளுங்கள்.

இந்த வாரம் செய்து பார்க்க

1. மெயினை அணையுங்கள். தீப்பிடித்ததாக நினைத்து, தொழுவத்துக் கூரையில் தண்ணி விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.
2. தொட்டியை அளந்து, பாசனக் குழாய்க்குக் கீழே எத்தனை லிட்டர் தங்குகிறது என்று கணக்கிடுங்கள்.
3. வீட்டுக்கும் படப்புக்கும் நடுவே அடி போட்டு நடந்து பாருங்கள்.
4. மாட்டுக் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக மாற்றுங்கள்.
5. விதையில் ஒரு பங்கை வேறு தோட்டத்தில் ஒரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.

அந்த அண்ணன் இப்போது தொட்டியில் பாசனக் குழாயைத் தூக்கி வைத்திருக்கிறார். அவர்கிட்ட இருந்து முன்னாடி மொச்சை விதை வாங்கிப் போன ஒருத்தர், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ரெண்டு படி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். நெல்லும் சோளமும் இன்னும் கிடைக்கவில்லை.